குருவாயூரா, புதுச்சேரியா, காரைக்குடியா? கையைக் கடிக்காத வெளியூர்க் கல்யாணம்

வெளியூரில் வைத்தால் கல்யாணச் செலவு குறையும் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் மண்டப வாடகையைத்தான் பார்க்கிறார்கள். உள்ளூர்க் கல்யாணத்துக்கு வருகிறவர் சாப்பிட்டு, மொய் எழுதி, தாம்பூலப்பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். வெளியூரில் அதே மனிதருக்கு முதல் நாள் மாலை காபி, ராத்திரி படுக்க அறை, காலையில் வெந்நீர், டிபன், ஸ்டேஷனுக்கு வண்டி, எல்லாம் நம் தலையில். ஆக முதலில் தலைகளை எண்ணுங்கள், ஊரை அப்புறம் பார்க்கலாம். சென்னைக் குடும்பம் ஒன்று, இரு வீட்டாருமாக 60 பேர், இரண்டு இரவு, எப்படி நெருக்கினாலும் 20 அறை: இந்த அளவை வைத்துக்கொண்டு மூன்று ஊர்களையும் பார்க்கிறேன்.

குருவாயூர்தான் செலவில் சிக்கனம். காரணம் எளிது, அங்கே கல்யாணம் சில நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கோயிலின் கிழக்கு நடையில் இருக்கும் மண்டபத்தில் ஏறி, தாலி கட்டி, மாலை மாற்றி, இறங்க வேண்டியதுதான். பின்னால் அடுத்த ஜோடி நிற்கும். 2024 செப்டம்பர் 8 அன்று ஒரே நாளில் 300க்கும் மேற்பட்ட கல்யாணங்கள் நடந்தன, அதிகாலை 4 மணிக்கே தொடங்கினார்கள். மேடை அலங்காரத்துக்கு லட்சக்கணக்கில் கொட்ட வழியே கிடையாது, அதுவே பெரிய லாபம். ஆனால் ஹோமம், சப்தபதி, ஊஞ்சல் எல்லாம் வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் பிடிவாதமாக இருந்தால் அதற்குத் தனியாக ஒரு ஹாலும் வாத்தியாரும் தேவை, அங்கே மிச்சம் பிடித்ததில் பாதி போய்விடும். சாப்பாடு கேரள விருந்தான சத்யாதான். அந்த ஊர் சிவப்பு மட்டா அரிசியைப் பார்த்து முகம் சுளிக்கும் மாமாக்களுக்காக வெள்ளைச் சோறும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ரயிலில் ஒரு எச்சரிக்கை: எழும்பூரிலிருந்து கிளம்பும் குருவாயூர் எக்ஸ்பிரஸின் பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது மதுரை, நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று ஊர் சுற்றிக்கொண்டு போகும். சென்ட்ரலில் ராத்திரி ஆலப்புழை வண்டியைப் பிடித்தால் விடியற்காலை திருச்சூர், அங்கிருந்து சாலையில் 30 கிலோமீட்டர் சுமார். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பத்திரிகை அடிப்பதற்கு முன்பே அந்தத் தேதியை உறவினர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும். ஒரு டிக்கெட்டில் 6 பேர்தான் என்பதால் யார் யாரோடு என்ற பஞ்சாயத்தையும் அப்போதே முடித்துவிடலாம்.

புதுச்சேரி இதற்கு நேரெதிர். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் 150 கிலோமீட்டர் அளவுதான், பலர் சொந்தக் காரிலேயே வந்துவிடுவார்கள், போக்குவரத்துச் செலவு நமக்கு ஏறக்குறைய இல்லை. அந்த மிச்சத்தை ரிசார்ட் விழுங்கிவிடும். என் சித்தி மகள் கல்யாணம் ஒரு கடற்கரை ரிசார்ட்டில் நடந்தது. வெளிச் சமையல்காரருக்கு அனுமதி இல்லை, இலைக்கு இவ்வளவு என்று அவர்கள் கணக்கு. ஜெனரேட்டருக்கு டீசல் தனி, மேளக்காரர்கள் தங்க அறை தனி. கடைசி பில்லைப் பார்த்து சித்தப்பா ரொம்ப நேரம் பேசவே இல்லை. இவற்றையெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு கேட்டு எழுதி வாங்குங்கள். வரியையும் பாருங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. இருபது அறைக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. மாப்பிள்ளையின் நண்பர்கள் டிஜே என்று ஆசைப்பட்டால், இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம்.

எந்த மாதம் என்பதும் இங்கே முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் புதுச்சேரி புல்வெளியில் கல்யாணம் வைப்பது சூதாட்டம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது அந்த ஊருக்குப் பக்கத்தில்தான். ஆனி, ஆவணி முகூர்த்தம் என்றால் கதை தலைகீழ், குருவாயூரில் தென்மேற்குப் பருவமழை கொட்டும், இந்தப் பக்கம் பரவாயில்லை.

காரைக்குடி என் மனசுக்குப் பிடித்தது, ஒத்துக்கொள்கிறேன். வாடகைக்கு விடும் செட்டிநாட்டு வீடு ஒன்று கிடைத்தால் அலங்காரமே வேண்டாம். ஆத்தங்குடித் தரையும் பர்மா தேக்குத் தூண்களும் போதும், வாசலில் வாழைமரம் கட்டினால் முடிந்தது. சமையலுக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. எழும்பூரிலிருந்து பல்லவன் ரயிலில் பகலிலேயே ஏறி ராத்திரி போய்ச் சேரலாம். குறை என்றால், பழைய வீடுகளில் படுக்கும் அறைகள் கொஞ்சம்தான், மீதிப் பேரை லாட்ஜுகளில் பிரித்துப் போட வேண்டும். சித்திரை, வைகாசியில் வெயில் கொளுத்தும். இந்த மூன்று ஊரையும் விட்டால், திருமலையில் தேவஸ்தானத்தின் கல்யாண வேதிகையில் இலவசமாகவே நடத்தி வைக்கிறார்கள், ஆனால் 60 பேரோடு போக ஏற்ற இடம் அது இல்லை.

இப்போது தேனிலவு. கல்யாணம் முடிந்து சென்னைக்கு வந்து, மறுபடி பெட்டி கட்டிக் கிளம்பினால் ஒரே வழிக்கு இரண்டு தடவை காசு. குருவாயூர் இதிலும் முந்துகிறது, அங்கிருந்து காரிலேயே மூணாறோ ஆலப்புழைப் படகு வீடோ போய்விடலாம். மாசி, பங்குனியில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வரையாடு குட்டி போடும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் இரவிகுளம் பூங்காவை வழக்கமாக மூடிவிடுவார்கள், அதை மட்டும் நம்பி மூணாறு போகாதீர்கள். காரைக்குடியிலிருந்து கொடைக்கானல் வசதிதான், மதுரை வழியாகப் போகலாம், 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம், அவ்வளவே. புதுச்சேரியில் கல்யாணம் வைத்தவர்கள் அந்தமானைப் பார்க்கலாம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். டிக்கெட் மலிவாகக் கிடைத்ததே என்று மகிழ்ந்துவிட வேண்டாம், ஹேவ்லாக்குக்கும் நீல் தீவுக்கும் போய்வரப் படகுக் கட்டணம் தனியாக இருக்கிறது. தை முதல் பங்குனி வரை கடல் அமைதியாக இருக்கும்.

எனக்கு முடிவு செய்யச் சொன்னால் தை மாதம், குருவாயூர், பிறகு ஆலப்புழையில் இரண்டு நாள். ஆனால் ஒரு நிபந்தனை. ஊர் திரும்பியதும் வரவேற்பு வைக்கப் போகிறீர்களா என்று அப்பா அம்மாவிடம் இப்போதே கேளுங்கள். இருபது வருஷமாக ஊரெல்லாம் மொய் செய்துவிட்டு வந்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், 500 பேருக்குப் பந்தி என்று ஆரம்பித்தால் மேலே எழுதிய கணக்கை அப்படியே கிழித்துப் போட்டுவிட்டு உள்ளூர் மண்டபத்துக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடலாம்.