பிரெய்ன் செல்: ஒரே தாளில் ஊர் உலகத்துக் கைவேலை

கலைப்படைப்புகளைத் தபாலில் அனுப்பிப் பரிமாறிக்கொள்ளும் அஞ்சல் கலைக்குள் புதிதாக நுழைபவர்களுக்குத் தயங்காமல் கைகாட்டலாம், பிரெய்ன் செல்லை. ஜப்பானின் ஒசாகா பகுதிக் கலைஞர் ரியோசுகே கோஹென் 1985-இல் தொடங்கிய கூட்டுக் கலைத் திட்டம் இது. பல நாடுகளிலிருந்து வரும் ரப்பர் முத்திரைகள், ஸ்டிக்கர்கள், சின்னச் சின்னப் படங்களை ஓர் ஏ3 தாளில் நெருக்கமாக அமைத்து 150 பிரதி எடுக்கிறார். பங்கேற்ற ஐம்பது, அறுபது பேருக்கும் ஆளுக்கொரு பிரதி. கூடவே எல்லோருடைய முகவரிப் பட்டியல். கட்டணம் கிடையாது, தேர்வுக்குழு கிடையாது, அனுப்பியது திரும்பி வராது. தாளைப் பிரித்தால் மேல் எது, கீழ் எது என்றே தெரியாது. ஒரு பறவையின் வாலில் யாரோ ஒருவருடைய தபால் முத்திரை ஏறி நிற்கும். அஞ்சல் கலைஞர்களின் வலைப்பின்னல் மூளைச் செல்கள் பின்னிக் கிடப்பதுபோல இருக்கிறது என்றுதான் இந்தப் பெயர்.

அனுப்ப இரண்டு வழி: ஒரே ஸ்டிக்கரை 150 எண்ணிக்கையில் அனுப்பலாம், அல்லது அச்சுக்கேற்ற ஒரு படம். முதல்முறைக்குப் படமே நல்லது. பல நாடுகளில் சுங்கப் படிவம் இல்லாமல் சாதாரணக் கடித உறையில் பொருள் அனுப்ப முடியாது. ஸ்டிக்கர் கட்டைப் பொருளாகக் கணக்கிட்டுத் திருப்பிவிடலாம். காகிதத்தில் வரைந்த ஒற்றைப் படத்துக்கு அந்தச் சிக்கல் குறைவு.

அச்சு சைக்ளோஸ்டைல் வகை; மெல்லிய திரை வழியே மையைத் தாளில் இறக்கும் பட்டுத்திரை அச்சுக்கு நெருங்கிய உறவு. அதனால் வெள்ளைத் தாளில் கெட்டிக் கறுப்பு மையில் வரையுங்கள். பென்சில் நிழலும் வெளிர்நீலக் கோடும் பிடிக்காது. மயிரிழைக் கோடு அறுந்துபோகும். நெருக்கிப் போட்ட கோடுகளுக்கிடையே மை அடைத்துக் கறுப்புத் திட்டாகிவிடும். ரப்பர் முத்திரை செதுக்கினால் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். பளபளப்புத் தாளில் குத்தினால் மை காயாமல் இழுபடும். சாதாரணத் தாளே போதும்.

குறையும் உண்டு. எந்தப் படம் யாருடையது என்று தாளைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். படத்துக்குள்ளேயே பெயரையோ முதலெழுத்தையோ சேர்க்காவிட்டால் உங்களைத் தேடி யாரும் கடிதம் போட முடியாது. முகவரி அத்தனை பேர் கைக்கும் போவதால், வீட்டு முகவரிக்குப் பதில் தபால்பெட்டி எண் கொடுப்பது உத்தமம்.

தாள் கைக்கு வந்ததும் சட்டம் போட்டு மாட்டிவிட்டால் பாதிப் பயன் வீண். பட்டியலில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் படத்தில் பிடித்த ஒன்றைக் குறிப்பிட்டு அஞ்சலட்டை எழுதுங்கள். மொழி தெரியாவிட்டால் அந்தப் படத்தையே உங்கள் கையால் மறுபடி வரைந்து அனுப்புங்கள். பண்பாட்டுப் பரிமாற்றம் தொடங்குவது அந்த அட்டையில்தான். பதில் வர மாதங்கள் ஆகலாம். அனுப்பிய தேதியையும் படத்தின் நகலையும் ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள்.