98 மைல் வேகமா, சொன்ன இடத்தில் விழும் பந்தா?

அமெரிக்க பேஸ்பாலில், அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முன், ஸ்கவுட்கள் (வீரர்களைத் தேடிப் பார்த்து மதிப்பிடுபவர்கள்) பந்துவீச்சாளர்களைப் பட்டியல் போடும்போது வருடம் தவறாமல் வரும் வாக்குவாதம் இது. ஒரு பக்கம் பள்ளிக்கூடப் பையன்: மணிக்கு 98 மைல் வேகம், ஆனால் பந்து எங்கே போகும் என்று அவனுக்கே நிச்சயமில்லை. இன்னொரு பக்கம் கல்லூரிக்காரன்: 91 மைல்தான், ஆனால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் கையுறையை எங்கே காட்டுகிறாரோ அங்கே போடுகிறான். நான் இரண்டாமவனைத்தான் மேலே எழுதுவேன்.

வேகத்தின் பலனை விளக்கவே வேண்டாம். பேட்டருக்கு நேரம் குறையும், சின்னத் தப்பும் மறைந்துபோகும். சிக்கல் மதிப்பெண்ணில் இருக்கிறது. ஸ்கவுட்கள் திறமைக்கு மதிப்பெண் போடும் 20-80 அளவில் 50 என்பது மேஜர் லீக் (உச்ச மட்ட லீக்) சராசரி. வேகத்துக்கான எண்ணை ரேடார் கன்னே கையில் கொடுத்துவிடும்; குறிக்கான, அதாவது சொன்ன இடத்தில் போடும் திறமைக்கான எண்ணைக் கண்ணால் பார்த்துத்தான் போட வேண்டும். அதனால் சுலபமாக அளக்க முடிந்தது பட்டியலில் மேலே ஏறிவிடுகிறது.

2014 டிராஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 மைல் தொட்ட டெக்சாஸ் பள்ளி மாணவன் டைலர் கோலெக் 2-வது இடத்தில் போனான். எல்.எஸ்.யு. கல்லூரியின் ஆரன் நோலா 7-வது. அடுத்த ஆண்டு கீழ்மட்ட லீக்கில் கோலெக் சுமார் 108 இன்னிங்ஸில் 61 வாக் (நான்கு தப்புப் பந்து போட்டு பேட்டருக்கு முதல் பேஸை இலவசமாக விடுவது) கொடுத்தான்; 2016-ல் முழங்கை அறுவை சிகிச்சை; மேஜர் லீக் வரை வரவே இல்லை. நோலாவோ 2015 ஜூலையிலேயே பிலடெல்ஃபியாவுக்காக மேஜர் லீக்கில் வீசினார்.

என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்கும் விஷயம் ஒன்றுதான்: ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய முடிகிறதா? பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் மட்டும் உட்கார்ந்திருந்தால் இது தெரியாது. வலக்கைக்காரன் என்றால் மூன்றாம் பேஸ் பக்கம் போய் நில்லுங்கள், அவன் மார்பு உங்களைப் பார்த்து இருக்கும். முன்கால் மண்ணில் பதியும் தடத்தைக் கவனியுங்கள். மூன்றாவது இன்னிங்ஸிலும் ஒரே குழி என்றால் நல்லது. தடம் பக்கவாட்டில் சிதறினால் முன்தோள் சீக்கிரம் திறக்கிறது, கை பின்தங்குகிறது, பந்து, வீசும் கையின் பக்கமாக மேலேறிப் போகிறது. 60 பந்து தாண்டியதும், பேஸில் ஆள் இருக்கும்போதும், கணக்கு 2-0 (இரண்டு தப்புப் பந்து, ஸ்ட்ரைக் எதுவும் இல்லை) ஆனதும் மறுபடி பாருங்கள். முதல் இன்னிங்ஸில் எல்லாருக்கும் கை ஒழுங்காகத்தான் வரும்.

வேகத்தைப் பின்னால் சேர்க்கலாம். ஷேன் பீபர் கல்லூரியில் 90 மைலை ஒட்டித்தான் வீசினார், 2016-ல் 4-வது சுற்றில்தான் எடுத்தார்கள். 2017-ல் கீழ்மட்ட லீக்குகளில் 173 இன்னிங்ஸில் வெறும் 10 வாக். உடல் வலுவானதும் வேகமும் ஏறியது. 2020-ல் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது. குறியை இப்படி ஜிம்மில் சேர்க்க முடியாது.

ஆனால் 6 அடி 10 அங்குல ராண்டி ஜான்சன் 1991-ல் 152 வாக் கொடுத்துவிட்டு அப்புறம் ஐந்து சை யங் வாங்கினார். கைகால் நீளமான பையனுக்கு உடல் ஒருங்கிணையக் காலம் பிடிக்கும். அவனைச் சட்டென்று கீழே தள்ள எனக்கும் தயக்கம்தான். குறி இருந்தால் முழங்கை தப்பும் என்றும் சொல்ல மாட்டேன். பீபருக்கே 2024-ல் டாமி ஜான் என்னும் முழங்கை அறுவை சிகிச்சை நடந்தது.

இன்னொன்று: 91 மைல்காரனிடம் மட்டையைத் தப்பும் இரண்டாவது வகைப் பந்து ஒன்றாவது இருக்க வேண்டும், பக்கவாட்டில் விலகும் ஸ்லைடரோ வேகம் குறைந்து ஏமாற்றும் சேஞ்ச்அப்போ. அதுவும் இல்லையென்றால் நானும் 98-ஐத்தான் மேலே எழுதுவேன்.