முதுகில் மூட்டையோடு பீர் விழாவுக்கு: மியூனிக்கா, ஸ்ட்ராவ்பிங்கா, எர்லாங்கனா, பில்சனா?

லிஃப்ட் கேட்டு ஐரோப்பாவைச் சுற்றுகிறவர் பீர் விழாவைத் தேர்ந்தெடுக்கும்போது பீரின் ருசியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். மியூனிக், ஸ்ட்ராவ்பிங், எர்லாங்கன் மூன்றும் தென் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், பில்சன் பக்கத்துச் செக் நாட்டில்; எங்கே குடித்தாலும் பீர் நன்றாகத்தான் இருக்கும். மூட்டையை எங்கே வைப்பது, இரவு எங்கே படுப்பது, மறுநாள் காலை ஊரைவிட்டு எப்படி வெளியேறுவது என்ற மூன்றும்தான் ஆளைப் படுத்தும். இந்தக் கணக்கில் பார்த்தால், உலகமே போகும் மியூனிக் கடைசி இடத்துக்கு வந்துவிடுகிறது.

மியூனிக்கின் அக்டோபர்ஃபெஸ்ட் பெயருக்குத்தான் அக்டோபர். செப்டம்பர் 15-க்குப் பின் வரும் சனிக்கிழமை நண்பகல் 12 மணிக்கு மேயர் முதல் பீப்பாயைத் திறப்பார். 3 லிட்டருக்கு மேல் கொள்ளும் பை, அதாவது 20×15×10 சென்டிமீட்டரைத் தாண்டும் எதுவும் மைதானத்துக்குள் போகாது. முதுகுப்பையை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ரயில் நிலைய லாக்கரை நம்பிப் போனால், சனிக்கிழமை காலையிலேயே நிரம்பிக் கிடக்கும். நுழைவு இலவசம். ஆனால் கூடாரத்துக்குள் உட்கார இடம் கிடைத்தால்தான் பீர் வரும், நிற்கிறவருக்கு ஊற்ற மாட்டார்கள். வாரநாள் மதியத்துக்குள் போனால் தனியாள் ஒருவர் எப்படியும் ஒரு பெஞ்சில் ஒண்டிக்கொள்ளலாம். 2025-இல் ஒரு மாஸ், அதாவது ஒரு லிட்டர் குவளை, 14.50 யூரோவிலிருந்து 15.80 வரை போனது. விடுதி வாடகையைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது.

வெளியேறும் வழி மட்டும் மியூனிக்கில் தெளிவாக இருக்கிறது. ஸ்டுட்கார்ட் பக்கம் போக ஏ8 ஆட்டோபான் (ஜெர்மனியின் விரைவு நெடுஞ்சாலை) நகரின் ஓபர்மென்சிங் பகுதியில் தொடங்குகிறது, சால்ஸ்பர்க் பக்கம் போகும் ஏ8 ராமர்ஸ்டோர்ஃபில், நியூரம்பர்க் போகும் ஏ9 ஷ்வாபிங்கில். மூன்றுக்கும் நகர ரயிலிலேயே அருகில் போய்விடலாம். நீல நிற ஆட்டோபான் பலகைக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். அதைத் தாண்டிக் காலெடுத்து வைப்பது சட்டமீறல், போலீஸ் வந்து அப்புறப்படுத்தும்.

பாதையில் மியூனிக்கை விடவே முடியாதென்றால், பக்கத்து ஊரான ஆக்ஸ்பர்கில் தங்கி, மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு, ‘பவேரிய டிக்கெட்’ என்ற ஒருநாள் பயணச்சீட்டில் உள்ளூர் ரயிலேறிப் போய்த் திரும்புங்கள். அந்த டிக்கெட் வாரநாளில் காலை 9 மணிக்குத் தொடங்கி மறுநாள் அதிகாலை 3 மணிவரை செல்லும்.

ஸ்ட்ராவ்பிங் விழா 1812-இல் தொடங்கியது, மியூனிக்கைவிட இரண்டு வருடம்தான் இளையது. ஆகஸ்டில் 11 நாள் நடக்கும். லிஃப்ட் பயணிக்கு இதுவே என் முதல் தேர்வு. பிராங்க்பர்ட், நியூரம்பர்க், ரேகன்ஸ்பர்க், பாசாவ் வழியாக ஆஸ்திரியாவுக்கு ஓடும் ஏ3 ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டரில் போகிறது. நெடுந்தூர வண்டிகள் நாள் முழுக்க ஓடும் சாலை அது. பக்கத்திலேயே பாயரிஷர் வால்ட் என்ற ஓய்விடமும் உண்டு. லிஃப்ட் கேட்டுக் காட்டும் அட்டையில் ஊர்ப்பெயரை நீட்டி முழக்க வேண்டாம். வண்டி எண் பலகையில் வரும் ‘எஸ்ஆர்’ என்ற இரண்டெழுத்தைப் பெரிதாக எழுதினால் உள்ளூர்க்காரர்கள் தூரத்திலேயே புரிந்துகொள்வார்கள். மைதானம் பழைய நகரத்திலிருந்து நடந்துபோகும் தூரம். மாஸ் விலையும் மியூனிக்கைவிடக் குறைவு. படுக்கைக்கு மட்டும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள், சின்ன ஊர் சீக்கிரம் நிரம்பிவிடும்.

எர்லாங்கன் விழா 1755-லிருந்து நடக்கிறது. ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு முந்தைய வியாழக்கிழமை தொடங்கி 12 நாள். குன்றைக் குடைந்த பழைய பீர் நிலவறைகளின் வாசலில், மரத்தடி பெஞ்சுகளில், கண்ணாடிக்குப் பதில் பீங்கான் குவளையில் குடிப்பார்கள். நான்கில் இதுதான் அழகு. கடைசி நாளில் பீப்பாய்க்கு ஈமச்சடங்கு செய்து புதைக்கிற கூத்தும் உண்டு. கூரை இல்லாததால் மழை வந்தால் எல்லாம் போச்சு. ஊருக்குள் ஓடும் ஏ73-இல் உள்ளூர்ப் போக்குவரத்துதான் அதிகம், தூர வண்டி வேண்டுமென்றால் ஏ3-க்குத்தான் போக வேண்டும்.

பில்சனில் கொண்டாடுவது 1842 அக்டோபர் 5-ஆம் தேதி காய்ச்சிய முதல் பில்ஸ்னரை, அதாவது இந்த ஊரின் பெயரைத் தாங்கிய இளம்பொன் நிற பீரை. விழா ஒரே நாள்தான், அக்டோபர் தொடக்கத்தில் வரும். நியூரம்பர்கிலிருந்து ஏ6-இல் வைட்ஹவுஸ் எல்லைவரை போய், அப்புறம் செக் பக்கத்து டி5 நெடுஞ்சாலை. எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதிதானே என்று பாஸ்போர்ட்டை மூட்டைக்குள் புதைக்காதீர்கள். ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் எல்லா நில எல்லைகளிலும் மறுபடி சோதனை தொடங்கியது. சனிக்கிழமை குடித்துவிட்டு ஞாயிறு கிளம்பினால் இன்னொரு சிக்கல்: ஜெர்மனியில் ஞாயிறு இரவு 10 மணிவரை கனரக லாரிகள் ஓடக் கூடாது. ஏ6-இன் கிழக்குப் பகுதி லாரிகளை நம்பிய சாலை. ஞாயிறு படுத்துத் தூங்கிவிட்டுத் திங்கள் கிளம்பலாம்.

ஆனால் திரும்பும் பயணத்தின் பாதுகாப்பில் பில்சனை மற்ற மூன்றும் நெருங்க முடியாது. பவேரியாவின் 6 சதவீத விழா பீர் ஒரு மாஸில் சுமார் 47 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 4.4 சதவீத பில்ஸ்னர் அரை லிட்டரில் சுமார் 17 கிராம். உடம்பு மணிக்கு ஏறக்குறைய 7 கிராம்தான் எரிக்கும். மாலை 5 மணிக்குத் தொடங்கி மூன்று மாஸ் குடித்தவருக்கு மறுநாள் மதியம்வரை ரத்தத்தில் மிச்சம் இருக்கும். ஜெர்மனியில் அனுபவமுள்ள ஓட்டுநருக்கு 0.5 புரொமில்லே (ஆயிரம் பங்கு ரத்தத்தில் அரைப் பங்கு ஆல்கஹால்) வரை விட்டுப்பிடிக்கிறார்கள், செக் நாட்டில் அனுமதி பூஜ்ஜியம். அதனால் பவேரியாவில் விழாவுக்கு மறுநாள் மைதான வண்டி நிறுத்தத்தில் லிஃப்ட் கேட்கவே கேட்காதீர்கள். ரயிலிலோ பேருந்திலோ ஊருக்கு வெளியே போய், நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வேறு ஊரிலிருந்து வரும் வண்டியைப் பிடியுங்கள். பெட்ரோல் போடும் இடத்தில் இறங்கி நிற்கிறவரிடம் நேரில் பேசும்போது கண்ணையும் பார்க்கலாம், மூச்சு வாடையும் தெரிந்துவிடும். உங்கள் சட்டையில் நேற்றைய பீர் நாறினால் அவரும் ஏற்ற மாட்டார். மாற்றுச் சட்டை ஒன்றைத் தனிப் பையில் கட்டி வையுங்கள்.