ப்ராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ்: ஐந்தே அமர்வில் என்ன கிடைக்கும்?

மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தத்தால் தவிக்கும் பெரியவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட இந்த ஆலோசனை முறையைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். மனநலப் பட்டம் இல்லாவிட்டாலும், முறையாகப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரரே வாரம் ஒருமுறை, 90 நிமிடம் வீதம் ஐந்து அமர்வுகள் நடத்துவார். மனநல மருத்துவமனை என்றாலே "ஊர் என்ன சொல்லுமோ" என்று தயங்குபவர்களுக்கு இந்த வாசல் எளிது.

மெதுவாக மூச்சுவிடும் பயிற்சி முதல் அமர்விலேயே வந்துவிடும். அடுத்தது, தீர்க்கக்கூடிய பிரச்சினை ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சிறு படிகளாகப் பிரிப்பது. சறுக்கல் இங்கேதான்: நடத்துபவர் அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடுவார். "என்னென்ன வழி தோணுது?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். தொடர் மேற்பார்வை இல்லையென்றால் இந்தப் பழக்கம் திருந்தாது.

தற்கொலை ஆபத்து உடனடியாக இருந்தாலோ, கடுமையான மனநோய் தெரிந்தாலோ இது போதாது. அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள்.