ஈ.ஆர்., கிரேஸ் அனாடமி: யாருடைய மருத்துவமனை?

1994-இல் தொடங்கிய 'ஈ.ஆர்.' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் களம் சிகாகோவின் அரசு மருத்துவமனை. கையில் காசில்லாதவர்கள் வந்து காத்திருக்கும் இடம். அங்கே வேலை பார்க்கும் ஜீனி பூலே என்ற கறுப்பினப் பெண்ணுக்குக் கணவர் மூலம் எச்.ஐ.வி. தொற்றுகிறது. கதை அவரைச் சாகடிக்கவில்லை. அவர் வேலையில் தொடரலாமா என்று அங்குள்ள மருத்துவர்கள் வாதிடுகிறார்கள், அவர் தொடர்கிறார். எச்.ஐ.வி. என்றாலே மரணம் என்று பலர் நம்பிய காலத்தில் இது பெரிய துணிச்சல்.

2005-இல் வந்த இன்னொரு அமெரிக்க மருத்துவமனைத் தொடரான 'கிரேஸ் அனாடமி' வேறு வழியில் போனது. அதை உருவாக்கிய ஷோண்டா ரைம்ஸ் பாத்திரங்களின் இனத்தை முன்கூட்டியே முடிவு செய்யாமல் நடிகர்களைத் தேர்ந்தெடுத்தார். மிராண்டா பெய்லி என்ற கறுப்பினப் பெண் மருத்துவர் அறுவை சிகிச்சைத் துறைத் தலைவராக உயர்வது அங்கே இயல்பாகவே நடக்கிறது. சரி, மருத்துவர்களின் முகங்கள் மாறின. ஆனால் சிகிச்சைக்குப் பணமில்லாத நோயாளியின் தவிப்பை 'ஈ.ஆர்.'தான் விடாமல் காட்டியது.