எடைச் சேதி: கடிதமா, போனா, சொல்லாமலே விடுவதா?

இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு இரண்டு முறை எடையும் உயரமும் பார்க்கிறார்கள். 4-5 வயதில் ரிசப்ஷன் வகுப்பில் ஒரு தடவை, 10-11 வயதில் இயர் சிக்ஸில் இன்னொரு தடவை. 2005-06 கல்வியாண்டில் தொடங்கிய திட்டம் இது. வேண்டாம் என்று பெற்றோர் முன்கூட்டியே சொல்லிவிடலாம். அளந்து முடித்தபின் அதை வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்பதில்தான் சிக்கல்.

பெரும்பாலும் வருவது கடிதம். செலவு குறைவு, எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி போகும். 'பருமன்' என்ற சொல்லைத் தவிர்த்து 'மிக அதிக எடை' என்று எழுதுகிறார்கள். ஆனால் நாலு வரியில் ஒரு பிள்ளையின் உடம்பை எப்படிச் சொல்ல முடியும்? கூத்து என்னவென்றால், நாட்டுக் கணக்கெடுப்பில் 85ஆவது சதமானத்திலிருந்தே, அதாவது ஒப்பிடும் நூறு பிள்ளைகளில் 85 பேரைத் தாண்டினாலே, 'அதிக எடை'. வீட்டுக்கு வரும் கடிதத்தில் 91இலிருந்துதான். இடையில் இருக்கும் பிள்ளை அரசின் கணக்கில் குண்டு, அம்மாவுக்கு வரும் தாளில் சரியான எடை.

இன்னொன்று. ஆங்கிலம் சரளமாக வராத நம் வீடுகளில் பள்ளிக் கடிதத்தைப் படித்துச் சொல்வதே அந்தப் பத்து வயதுப் பிள்ளைதான். தன்னைப் பற்றிய தீர்ப்பைத் தானே பாட்டிக்கு மொழிபெயர்க்க வேண்டும். கேட்டதும் பாட்டி, "வளர்ற பிள்ளையைப் போய் கண்ணு வைக்கிறாங்களே" என்பார்.

அமெரிக்காவில் 2003இல் சட்டம் போட்டு இந்தக் கடிதத்தை முதலில் கொண்டுவந்த மாநிலம் ஆர்கன்சா. மாசசூசெட்சும் கடிதம் அனுப்பிப் பார்த்தது. அந்தரங்கம் வெளியே போகிறது, கேலி நடக்கிறது என்ற புகார்களுக்குப் பின் 2013இல் நிறுத்திவிட்டது.

அப்படியானால் சொல்லாமலே விடுவது மேலா? கலிபோர்னியாவில் 79 பள்ளிகளில் இதைச் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டுக்கு பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) அறிக்கை போனதால் பிள்ளைகளின் எடையில் மாற்றமில்லை. ஆனால் பள்ளியில் எடை பார்க்கப்பட்டவர்களுக்குத் தங்கள் எடை மேல் அதிருப்தி கூடியிருந்தது. ஆக, கடிதத்தை மட்டும் கிழித்துப் போட்டால் பிரச்சினை தீராது. எடை மெஷினுக்கு முன்னால் வரிசையில் நிற்பதே பிள்ளைக்கு ஒரு சேதிதான்.

அதன் உச்சம் சிங்கப்பூர். 1992இல் வந்த 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டத்தில் எடை கூடிய மாணவர்களைத் தனியே பிரித்து உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். பருமன் விகிதம் குறைந்தது உண்மை. ஆனால் அதன் சுருக்கமான 'டி.ஏ.எஃப்.' எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் 'ஃபேட்'! பிள்ளைகள் இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகியிருக்கும்? 2007இல் கைவிட்டார்கள்.

என் ஓட்டு போனுக்குத்தான். இங்கிலாந்திலும் சில உள்ளாட்சிகள் கடிதத்துக்கு முன் பள்ளி நர்ஸை விட்டுப் பேசச் சொல்கின்றன. நர்ஸ் என்றால் "சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி" என்று கேட்க முடியும். நாமும் திருப்பிக் கேட்கலாம், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். பேசுவது பெரியவர்களுக்குள் நிற்கும். குறை இல்லாமலில்லை: ஆள் வேண்டும், நேரம் வேண்டும், வேலை நேரத்தில் தெரியாத நம்பரை யார் எடுக்கிறார்கள்? பள்ளியிலிருந்து என்றாலே நமக்கு நெஞ்சு பக்கென்கிறது. அதனால் அந்த நர்ஸ் முதலில் சொல்ல வேண்டியது, "பிள்ளைக்கு ஒன்றுமில்லை, நல்லா இருக்கான்."