தோடிக்காக ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர்

தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி என மூன்று ஊர்க் கடைகளிலும் விசாரித்துக் கிடைக்காத ஒரு மின்கிதாரை ஏறக்குறைய ஓராண்டு தேடினேன். ஸ்வீடன் நாட்டுக் கலைஞர் இங்வே மால்ம்ஸ்டீன் பெயரில் ஃபெண்டர் நிறுவனம் 1988-இல் அறிமுகப்படுத்திய ஸ்ட்ராட்டோகாஸ்டர் அது. தள்ளி நின்று பார்த்தால் சாதாரண ஸ்ட்ராட்டாகவே தோன்றும். கையில் எடுத்த பிறகுதான், அதன் கழுத்தில் குறுக்கே பதித்த 21 ஃபிரெட்டுகளுக்கு, அதாவது உலோகக் கம்பிகளுக்கு, இடையிலுள்ள மரம் சிறு சிறு குழிகளாகக் குடையப்பட்டிருப்பது தெரியும். இதை ஸ்கேலப் என்பார்கள். "சாதா கிதாரையே வாங்கிக்குங்க சார், நம்ம ஆசாரிகிட்ட சொல்லி அரம் போட்டுக் குடுத்துடலாம்" என்றார் ஒரு கடைக்காரர். நல்லவேளை, நான் உடன்படவில்லை. முடிவில், சென்னையில் மெல்லிசைக் குழுவில் வாசித்துவந்த ஒருவர் தம்முடையதை எனக்கு விற்றார்.

மின்னல் வேக வாசிப்புக்காகப் பிறர் விரும்பும் இந்தக் கிதாரை நான் விரும்பியது கர்நாடக இசையில் ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்காக. சாதாரணக் கிதாரில் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது விரல்நுனி மரத்தில் உரசி இழுப்பைத் தடுக்கும். குழி இருந்தால் விரலுக்குத் தந்தி மட்டுமே தட்டுப்படும். தஞ்சாவூர் வீணையில் ஃபிரெட்டுகளுக்கு ஒப்பான 24 மெட்டுகள் மெழுகின்மேல் உயர்த்திப் பதிக்கப்பட்டிருப்பதால் விரலுக்குக் கிடைக்கும் அதே விடுதலைதான் இது. கர்நாடக இசை அறிஞர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்ற ஆங்கிலேய ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், இந்தியக் கலைஞர்களுடன் அமைத்த சக்தி குழுவில் வாசித்த கிதாரிலும் இவ்வாறு குடைந்த பலகையையே வைத்திருந்தார். என் கிதாரில் 0.009 அங்குல முதல் தந்தியை மாட்டி, சுத்த ரிஷபத்தின் ஃபிரெட்டில் விரலை ஊன்றி இழுத்தால், தோடி ராகத்தின் காந்தாரத்தை மத்திமம் வரை தொட்டு அசைக்க முடிகிறது. முன்பு வைத்திருந்த கிதாரில் பாதி வழியிலேயே விரல் வழுக்கிவிடும்.

ஆனால் விரல் கனத்தவர்களுக்கு இது ஒத்துவராது. கொஞ்சம் அழுத்தினாலும் தந்தி குழிக்குள் இறங்கிச் சுருதி ஏறிவிடுவதால், பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்கும் கார்டு பிடித்து வாசிக்கும்போது எல்லாமே அபஸ்வரமாக ஒலிக்கும். பூப்போல் தொடுவதற்கு எனக்கு மூன்று மாதப் பழக்கம் தேவைப்பட்டது. கோயில் திருவிழாக் கச்சேரிகளில் பாட்டுக்குப் பின்னணியாகக் கார்டு மட்டும் வாசிப்பவருக்கு இந்தக் குழிகள் தொல்லைதான்.

ஐப்பசி அடைமழையில் கழுத்து மரம் லேசாக வளைந்து, தந்திகள் இரண்டே வாரத்தில் துருப்பிடித்தன. இந்தப் பக்கத்தில் எந்தக் கிதாருக்கும் நேர்வதுதான். கழுத்துக்குள் வளைவைச் சரிசெய்ய இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கால் சுற்றுத் திருகியதும் கழுத்து சரியாயிற்று.

உண்மையான இடைஞ்சல் ட்ரெமோலோ, அதாவது ஒரு கம்பியை அசைத்து எல்லாத் தந்திகளின் சுருதியையும் ஏற்றி இறக்கும் அமைப்பு. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பின்புறச் சுருள்வில்களில் மிதப்பது என்பதால், ஒரு தந்தியை இழுக்கும்போது மற்றவற்றின் சுருதி இறங்கிவிடும். வீணையின் தாளத் தந்திகளைப்போல் ஒரு தந்தியைச் சும்மா ஒலிக்கவிட்டு ராகம் வாசிப்பவருக்கு இது பொறுக்காது. தஞ்சாவூரில் வீணைப் பட்டறை ஒன்றில் கேட்டு வாங்கிய பலாமரத் துண்டை அளவாகச் செதுக்கி, பிரிட்ஜின் அடிக்கட்டை அசையாதபடி பின்குழியில் செருகிவிட்டேன். அதன் பிறகு ட்ரெமோலோ கம்பியைக் கழற்றி வைத்ததுதான், இன்றுவரை தேடவில்லை.